பிளாக்போர்டும் புளிமாங்காயும்

இங்கிலீஷ் பாஷையில் ஒரு பொல்லாத வேடிக்கை இருக்கிறது. 'ப்ளாக்' என்றால் கறுப்பு. 'பேர்ட்' என்றால் பறவை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். 'ப்ளாக்' என்பதை அழுத்திச் சொல்லி, 'பேர்ட்' என்பதை லேசாக விட்டுவிட்டால், அவர் தம் ஊர்த் தோட்டத்தில் இனிமையாகப் பாடும் ஒரு குறிப்பிட்ட ஜாதிப் பறவையை நினைத்துக் கொள்வார். 'பேர்ட்' என்பதில் அழுத்தத்தைப் போட்டீர்களோ, அது ஏதோ ஒரு கறுப்புப் பறவை. நம் கொல்லைப்புறத்துக் காக்காயாகக்கூட இருக்கலாம்! இன்னொரு கூத்து: அந்த ப்ளாக்பேர்ட் ஜாதியில் ஆண் பறவைதான் கறுப்பு. பெட்டை பழுப்பு நிறம். ஆகையால், 'ப்ளாக்பேர்ட்' என்றால் அது கறுப்பாக இருந்தே தீரவேண்டும் என்பதுகூட இல்லை!

"இதெல்லாம் காகிதத்தில் சேர்த்து எழுதியிருக்கிறதா, பிரித்து எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். சில வார்த்தைகளில் அதுவும் தெரியாது. 'இங்கிலீஷ் டீச்சர்' என்று எழுதுங்கள். 'இங்கிலீஷ்' என்பதில் அழுத்தம் விழுந்தால் அவர் இங்கிலீஷ் கற்றுக் கொடுப்பவர். நம்ம ஊர்க்காரராகவே இருப்பார். 'டீச்சர்' என்பதில் விழுந்தால் அவர் இங்கிலாந்து தேசத்து ஆசிரியர். கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவராகக்கூட இருக்கலாம். எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் நாக்கிலும் காதிலும்தான்.

சகோதரிகளே, இது ஏதோ பண்டிதர்கள் திண்ணையில் உட்கார்ந்து அலசவேண்டிய விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருக்கிறதா? வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண் இருக்கிறாளா? அப்படியானால் இது உங்கள் விஷயந்தான்.

'ஃபிஃப்டீன்' என்றால் பதினைந்து. 'ஃபிஃப்டி' என்றால் ஐம்பது. தனியாகச் சொல்லும்போது முன்னதில் அழுத்தம் பின்பகுதியில். பின்னதில் அழுத்தம் முன்பகுதியில். அந்தக் கடைசி மெல்லெழுத்து டெலிபோனில் காதில் விழாமல் போகலாம். அழுத்தந்தான் கை கொடுக்க வேண்டும். அழுத்தமும் இடம் மாறிவிட்டால் பதினைந்து ஐம்பதாகிவிடும்! புடவை விலையானால் போகிறது. மருந்தின் அளவானால்? அதனால்தான், வாயால் மருந்தளவு சொல்லும்போது 'ஒன்று, ஐந்து' என்றும், 'ஐந்து, சைபர்' என்றும் இலக்கம் இலக்கமாகச் சொல்லவேண்டும் என்று ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு முறைகளில் வற்புறுத்துகிறார்கள்.

நம் நாட்டவர் பேசும் இங்கிலீஷ் பிறருக்கு எவ்வளவு தூரம் புரிகிறது என்று ஆர்.கே. பன்சால் என்ற பேராசிரியர் ஆராய்ந்து, 1969-ல் ஹைதராபாதிலிருந்து ஒரு நூல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியமான காரணங்களில் ஒன்று, வார்த்தையில் அழுத்தம் தவறான இடத்தில் விழுவது. இலக்கணம் சரியாக இருக்கும், வார்த்தை சரியாக இருக்கும், ஆனாலும் எதிரில் இருப்பவர் திருதிருவென்று விழிப்பார்! அதைக் கண்டு நம் பெண்கள், "நமக்கு இங்கிலீஷ் வராது" என்று வாயை மூடிக்கொண்டு விடுகிறார்கள். அந்த வாயைத் திறக்க வைப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகிற வழியில் இருக்கிறது அன்னவாசல். பக்கத்திலேயே, ஓவியங்களால் பெயர் பெற்ற சித்தன்னவாசல். இந்த இரண்டு பெயர்களுமே ஒட்டுச் சொற்கள். அவற்றைப் பிரிப்பதற்குள் தமிழ் படித்தவர்களுக்கே மூச்சு முட்டிப்போகும்!

'அன்னவாசல்' என்றதும் குழந்தைகள் 'அன்னம் பூட்டிய வாசல்' என்பார்கள். சாப்பாட்டுப் பிரியர்கள் 'அன்னம் கிடைக்கிற வாசல்' என்பார்கள். சித்தன்னவாசல் குடைவரையில் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்தச் சமணக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிற கல்வெட்டு அது. அதில் ஊரின் பெயர் 'அண்ணல்வாயில்' என்று காண்கிறது. அண்ணல் என்றால் பெரியவர், தலைவர். அன்னப் பறவையும் இல்லை, அன்னதானமும் இல்லை!

அப்படியானால் சித்தன்னவாசல்? 'சிறு' என்பதை முன்னால் சேர்த்து, சிற்றண்ணல்வாயில் என்று ஒரு சாரார் பிரிக்கிறார்கள். சித்தர் என்பதைச் சேர்த்துப் பிரிக்கிறவர்கள் உண்டு. 'சித்தானாம் வாஸ:' என்று ஸம்ஸ்கிருதமாகப் பிரித்து, சித்தர்கள் வாசம் செய்யும் இடம் என்பவர்களும் உண்டு. கத்தியை எந்த இடத்தில் வைக்கிறோமோ, அதற்குத் தகுந்தபடி அர்த்தம் மாறிவிடுகிறது.

போதாக்குறைக்கு 'வாசல்' என்பதே ஓர் ஒட்டுச் சொல்! இல்லத்தின் வாய், அதாவது 'இல்வாய்'. அதைத் தலைகீழாகத் திருப்பி 'வாயில்' என்று சொன்னார்கள். நாளடைவில் 'வாசல்' ஆயிற்று. தினமும் விடியற்காலையில் நாம் கோலம் போடுகிற வாசலுக்குள்ளே வீடும் வாயும் ஒளிந்து கொண்டிருக்கின்றன என்று நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

ஆகவே, ஒட்டுச் சொற்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒட்டுவதற்கு நாம் உபயோகிக்கிற பசை வேறு. இங்கிலீஷ்காரர் உபயோகிக்கிற பசை வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சமையலறைக்கே வாருங்கள். 'வாழைக்காய்' என்கிறோம், நடுவிலே ஒரு 'க்' வருகிறது. 'ஊறுகாய்' என்கிறோம், 'க்' வருவதில்லை. ஏன்? வாழையினுடைய காய், ஆகையால் 'க்' மிகுந்தது. ஊறின காய், ஊறுகிற காய், ஊறப்போகிற காய் எல்லாம் ஊறுகாய். அது வினைத்தொகை, அங்கே மிகாது. இன்னும் ஒன்று: 'நடுகல்' என்றால் போரில் மாண்ட வீரனுக்காக நட்ட கல். 'நடுக்கல்' என்றால் நடுவில் கிடக்கிற கல். ஒரே ஒரு ஒற்றெழுத்து வீரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது; அல்லது அப்புறப்படுத்தி விடுகிறது. தமிழிலே ஒட்டும் பசை இந்த எழுத்துத்தான். காதுக்கும் கேட்கும், கண்ணுக்கும் தெரியும்.

இங்கிலீஷில் இந்த மாதிரி எழுத்து எதுவும் பொதுவாக முளைப்பதில்லை. 'க்ரீன்' பச்சை, 'ஹவுஸ்' வீடு. 'ஹவுஸ்' என்பதில் அழுத்தம் விழுந்தால் பச்சை வர்ணம் அடித்த வீடு. 'க்ரீன்' என்பதில் விழுந்தால் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடம். நாம் ஒரு 'க்'கைச் சேர்ப்பதற்குப் பதிலாக, அவர்கள் அழுத்தத்தை முன்னால் நகர்த்துகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்!

எங்கள் தெருவில் அடுத்த வீட்டில் ஒரு பெண். தமிழிலேயே பத்தாவது வரை படித்தவள். புருஷன் சிங்கப்பூரில் வேலையாயிருக்கிறான். ஒரே பையன், ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பெற்றோர் கூட்டம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தால் இவள் போக மாட்டாள், மாமனாரை அனுப்பிவிடுவாள். "அங்கே எல்லாரும் இங்கிலீஷிலே பேசுவாங்கக்கா. நான் என்னத்தைப் பேச?" என்பாள். பையனுக்கும் அம்மாவைப் பற்றி அப்படியோர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது. ஏதாவது கேட்டால், "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்பான். கெட்ட எண்ணத்தில் இல்லை. சர்வ சாதாரணமாக, இன்றைக்கு மழை இல்லை என்பதுபோலச் சொல்வான். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேருமாக என்னிடம் வந்தார்கள். வீட்டுப் பாடம்: ஆறு வார்த்தைகளை அசை அசையாகப் பிரித்து, எந்த அசையில் அழுத்தம் என்று அடையாளம் போடவேண்டும். பிளாக்போர்டு, நியூஸ்பேப்பர், பட்டர்பிளை, கிராண்ட்மதர், போலீஸ்மேன், ஆஃப்டர்நூன்.

"அசைன்னா நம்ம நேரசை, நிரையசைதானே அக்கா?" என்றாள் அவள்.

"அதேதான். சொல்லு பார்ப்போம்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படியே வந்தது. "நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம்..." பிறகு விரலை மடக்கி, "பிளாக் - போர் - டு. நிரை, நேர், நேர். புளிமாங்காய்!" என்றாள்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். நானும்தான். ஆனால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாம் சொல்கிற பிளாக்போர்டு புளிமாங்காயேதான்! நம் புதுக்கோட்டையும் புளிமாங்காய்தான்: புதுக் - கோட் - டை. அன்னவாசல் கூவிளங்காய்: அன் - னவா - சல். பிளாக்போர்டைத் தமிழாக்கிக் 'கரும்பலகை' என்றால் கருவிளங்காய்: கரும் - பல - கை. பட்டர்பிளை மட்டும் பழுத்துவிட்டது: நேர், நேர், நிரை, தேமாங்கனி!

பாருங்கள், தேமா என்றால் இனிப்பு மா, புளிமா என்றால் புளிப்பு மா. அசையை அளக்க நம் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட படிக்கற்களே ஒட்டுச் சொற்கள்தாம். இந்தப் பாடம் தெரிந்த பெண்ணைப் பார்த்து "உனக்குத் தெரியாது" என்றால் எப்படி?

வித்தியாசம் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. 'ப்ள' என்று மெய்யெழுத்தோடு வார்த்தையை ஆரம்பிப்பதும், 'ட்' என்று வல்லின மெய்யோடு முடிப்பதும் தமிழ் மரபில் கிடையாது. நன்னூல் இதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே நம் நாக்கு, வந்த விருந்தாளிக்கு மணை போடுவதுபோல, முன்னால் ஒரு இகரத்தையும் பின்னால் ஒரு உகரத்தையும் போட்டு உபசரிக்கிறது. இங்கிலீஷ்காரர் வாயில் 'ப்ளாக்', 'போர்ட்' என்று இரண்டே அசைதான்.

அசையை எண்ணுவதற்கு அவர்கள் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கிற சுலபமான வழி ஒன்று உண்டு. மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு, வார்த்தையை நிதானமாகச் சொல்லவேண்டும். ஒவ்வோர் உயிரோசைக்கும் வாய் திறக்கும்; மோவாய் கையில் இடிக்கும். எத்தனை இடியோ அத்தனை அசை. மூன்று பேரும் மோவாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வழியில் போனவர்கள் எங்களுக்கு ஏதோ துக்கம் என்று நினைத்திருப்பார்கள்! 'ந்யூஸ் - பே - பர்', மூன்று. 'பட் - டர் - ஃப்ளை', மூன்று. 'க்ராண்ட் - ம - தர்', மூன்று. 'பொ - லீஸ் - மன்', மூன்று. 'ஆஃப் - டர் - நூன்', மூன்று.

அடுத்தது அழுத்தம். இங்கே பையனுக்கும் பிடிபடவில்லை, அவளுக்கும் பிடிபடவில்லை. நம் காது குறிலையும் நெடிலையும் பார்த்துப் பழகிய காது. 'கல்' என்பதற்கும் 'கால்' என்பதற்கும், 'பல்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் வித்தியாசத்தைக் கைக்குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அழுத்தத்தை மாற்றினால் தமிழில் ஒரு வார்த்தை வேறு வார்த்தையாகிவிடாது. ஆகையால் அதைக் கவனிக்கக் காது கற்றுக்கொள்ளவில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தமிழ் வார்த்தை சமபந்தி போஜனம். ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரை உண்டு: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. யார் இலையிலும் குறை வைப்பதில்லை. இங்கிலீஷ் வார்த்தையோ மாப்பிள்ளை விருந்து! ஓர் அசை மாப்பிள்ளை. அவருக்கு நெய்யும் பாயசமும் தாராளமாக விழும். சத்தமாக, நீளமாக, சற்று உயர்ந்த ஸ்வரத்தில் அவரைச் சொல்வார்கள். பந்தியில் உள்ள மற்றவர்களுக்கு அரைக் கரண்டி. சில பேருக்கு அதுகூட இல்லாமல் 'அ' என்ற மங்கிய ஓசையாக வற்றிப்போய்விடுவார்கள். 'மேன்' என்று தனியாக இருந்தால் முழு ஆள். 'போஸ்ட்மன்', 'மில்க்மன்' என்று பின்னால் ஒட்டிக்கொண்டாலோ, மெலிந்து வெறும் 'மன்' ஆகிவிடுகிறார்!

"அப்ப மாப்பிள்ளை யாருன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"கொல்லையில் இருந்துகொண்டு வாசலில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல அந்த வார்த்தையைக் கூவிப் பார்" என்றேன். சினிமாவிலும் டெலிவிஷனிலும் கேட்ட மாதிரியே கூவவேண்டும். எந்த இடத்தில் குரல் தானாக எழும்பி நீளுகிறதோ, அங்கேதான் அழுத்தம். அவள் எழுந்துபோய்க் கொல்லையில் நின்றுகொண்டு, "க்ரா...ண்ட்மதர்!" என்று ஒரு கூவல் போட்டாள். "க்ராண்ட்" என்பதில்தான் குரல் நின்றது. பையன் ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, "ந்யூ...ஸ்பேப்பர்!" என்று கூவினான். பிறகு "ப...ட்டர்ஃப்ளை!" அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. 'பொலீஸ்மன்' என்பதில் அழுத்தம் 'லீஸ்' என்ற இடத்தில் என்று அவளே கண்டுபிடித்தாள். 'ஆஃப்டர்நூன்' என்பதில் மாப்பிள்ளை கடைசியில், 'நூன்' என்பதில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் அவளே சொன்னாள்.

"அம்மா, இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான் பையன்.

அவள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நோட்டிலே எழுது" என்றாள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளே போனாள். பேசியது என்னவோ தமிழில்தான். ஆனால் மாமனாரை அனுப்பவில்லை.

எங்கள் வட்டாரத்துக்கு இது புதிதில்லை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அன்னவாசலுக்குப் பக்கத்தில் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே கோயிலை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில், சுமார் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. ஏழு பிரிவாக, ஸ்வரங்களை நான்கு நான்காகக் கத்தரித்து, வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று உயிரோசை மாறி மாறி வருகிறது. காற்றில் கரைந்துபோகிற ஓசையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கல்லில் உட்கார வைத்த மண் இது. ஆறு இங்கிலீஷ் வார்த்தை எம்மாத்திரம்?

உங்கள் வீட்டிலும் இந்தப் பாடம் வரும். ஆகையால் சில குறிப்புகளைச் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு பெயர்ச் சொற்கள் ஒட்டி ஒரு புதுப் பொருளுக்குப் பெயரானால், பெரும்பாலும் முன் வார்த்தையில்தான் அழுத்தம். டீபாட், பாத்ரூம், டூத்பேஸ்ட், போஸ்ட் ஆபீஸ், ரெயில்வே ஸ்டேஷன் எல்லாம் இந்த ஜாதி. முன் வார்த்தையிலேயே இரண்டு மூன்று அசை இருந்தால், அதற்கு ஏற்கெனவே எங்கே அழுத்தமோ அங்கேயே இருக்கும், 'பொலீஸ்மன்' அப்படித்தான்.

'மதர்-இன்-லா' என்பதில் அழுத்தம் எங்கே என்று மருமகள்கள் ஆவலோடு கேட்கலாம். 'மதர்' என்பதன் முதல் அசையில்தான்! முதலில் தாய், சட்டம் அப்புறந்தான் வருகிறது. மாமியார்களும் மருமகள்களும் இதைச் சேர்ந்து படித்தால் க்ஷேமம்.

முன் வார்த்தை, பொருள் எதனால் ஆனது என்று சொல்வதானால் கதை வேறு. அப்போது பொதுவாக அழுத்தம் பின்னால் போய்விடும். ஸில்க் ஸாரி என்றால் 'ஸாரி'யில் அழுத்தம். ஸ்டீல் டம்ளர் என்றால் 'டம்ளர்' என்பதில் அழுத்தம். பட்டுக்கு இங்கே மரியாதை இல்லை, புடவைக்குத்தான்! ஆப்பிள் பை என்ற பண்டத்தில் அழுத்தம் 'பை' என்பதில். ஆனால் ஆப்பிள் கேக் என்றால் 'ஆப்பிள்' என்பதில். ஏன் என்று கேட்காதீர்கள். கேக்குக்கு அப்படி ஒரு ராசி. தெருப் பெயர்களிலும் இந்தக் கோணல் உண்டு. 'ரோடு' என்று முடிந்தால் அழுத்தம் ரோட்டில். சென்னையில் இன்று அண்ணா சாலையாக இருக்கிற பழைய மவுண்ட் ரோடு அப்படி. 'ஸ்ட்ரீட்' என்று முடிந்தால் அழுத்தம் முன்னால். லண்டனில் கடைகள் நிறைந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் அப்படி.

'அண்டர்ஸ்டாண்ட்' என்பதில் 'ஸ்டாண்ட்'. 'டவுன்ஸ்டேர்ஸ்' என்பதில் 'ஸ்டேர்ஸ்'. 'மைஸெல்ஃப்' என்பதில் 'ஸெல்ஃப்'. இவை பின்னால் அழுத்தம் பெறுகிறவை. சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள். இங்கிலாந்தில் டேனியல் ஜோன்ஸ் என்பவர் 1917-ல் உச்சரிப்புக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். இன்றைய அகராதிகள் பலவற்றில், உச்சரிப்பு எழுதியிருக்கிற இடத்தில், மேலே தூக்கினாற்போலச் சின்னதாக ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு அடுத்து வருகிற அசைதான் மாப்பிள்ளை. புத்தகம் இல்லையா? கைப்பேசியில் இருக்கிற அகராதியைத் தொட்டால் அதுவே வாய்விட்டுச் சொல்கிறது. குழந்தையோடு சேர்ந்து நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கே எல்லாவற்றையும் போட்டால் மற்றவர்கள் கதி என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலீஷில் சாட்சி இருக்கிறது. 'கப்' வைக்கிற 'போர்ட்', அதாவது கிண்ணம் வைக்கும் பலகை, அதுதான் 'கபர்ட்'. எழுத்தில் இருக்கிற 'ப்' ஓசையும் வாயில் போயிற்று, பலகையும் தேய்ந்துபோயிற்று. இரவு முழுவதும் இருந்த பட்டினியை முறிப்பது 'ப்ரேக்-ஃபாஸ்ட்'. அது 'ப்ரெக்ஃபஸ்ட்' ஆகிவிட்டது. 'விண்டோ' என்ற ஜன்னல், பழைய நார்ஸ் பாஷையில் 'காற்றின் கண்' என்ற பொருளுள்ள ஒட்டுச் சொல். நம் சிலப்பதிகாரத்திலோ ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வடகடல் ஓரத்தில் இருந்தவனுக்கும் நம் புலவருக்கும் ஜன்னலைப் பார்த்தவுடன் ஒரே நினைப்புத்தான் வந்திருக்கிறது!

கடைசியாக, நமக்காகவே ஒரு வார்த்தை. 'லேடி' என்று மரியாதையாகச் சொல்கிறார்களே, அதுவும் பழைய இங்கிலீஷில் ஓர் ஒட்டுச் சொல். முன்பாதி ரொட்டி, பின்பாதி பிசைகிறவள். ரொட்டிக்கு மாவு பிசைகிறவள் என்று அர்த்தம்! 'லார்ட்' என்ற பிரபு யார் தெரியுமா? அந்த ரொட்டியைக் காவல் காக்கிறவர். ரொட்டியின்மேல் விழுந்த அழுத்தத்தில் பின்பாதி ஆயிரம் வருஷத்தில் தேய்ந்து தேய்ந்து, பிசைந்த கையே மறைந்துபோயிற்று. பட்டம் மட்டும் மிச்சம்.

ஆகவே, இன்று இரவு சப்பாத்திக்கு மாவு பிசையும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுகிற ஐந்து இங்கிலீஷ் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். கபர்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். பிரித்துப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள், உரக்கக் கூவிப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று யோசிக்க வேண்டாம். மோவாயில் வைக்கிற கையில் மாவு ஒட்டினால்தான் என்ன? நீங்கள்தாம் உண்மையான லேடி!